இமயத்தைத் தாண்டும் வாத்து

குளிர்காலத்தில் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்துக்கு வரும் விருந்தாளிகளில் வரித்தலை வாத்தும் ஒன்று. வெள்ளைத் தலையின் பின்புறம் இரண்டு கறுப்பு வரிகள் இருக்கும். அடையாளம் காண அது போதும். கோடையில் அது குஞ்சு பொரிப்பது மங்கோலியா, திபெத், லடாக் பக்கத்து ஏரிகளில். நடுவே இமயமலை.

எவரெஸ்ட்டுக்கு மேலேயே பறக்கும் என்று நெடுங்காலமாக ஒரு பேச்சு உண்டு. கருவி பொருத்தி விட்டுப் பார்த்தபோது பதிவான அதிகபட்ச உயரம் 7,290 மீட்டர். அதுவும் அபூர்வம், பெரும்பாலும் 5,500 மீட்டருக்குக் கீழேதான். அந்த உயரத்திலேயே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதி. மலையேறுபவர்கள் நாள்கணக்கில் முகாமிட்டு உடம்பைப் பழக்குவார்கள். வாத்தோ இந்தியப் பக்கமிருந்து கிளம்பினால் ஏழெட்டு மணி நேரத்தில், சிறகடித்தே ஏறிவிடுகிறது.

எப்படி முடிகிறது? எல்லாப் பறவைகளுக்கும் நுரையீரலுக்குள் காற்று ஒரே திசையில் ஓடும். நமக்குப் போலப் பழைய காற்றும் புதுக்காற்றும் கலப்பதில்லை. வரித்தலை வாத்துக்கு அந்த நுரையீரலும் மற்ற வாத்துகளைவிடப் பெரிது. ரத்தத்திலும் ஒரு நுட்பம். ஹீமோகுளோபினின் ஆல்ஃபா சங்கிலியில் 119ஆம் இடத்தில் வழக்கமான புரோலினுக்குப் பதில் அலனின் இருக்கிறது. இந்த ஒரு மாற்றத்தால் ஆக்சிஜனை இறுகப் பற்றுகிறது என்று 1983இல் சுட்டிக்காட்டியவர், ஹீமோகுளோபினின் அமைப்பைக் கண்டறிந்து நோபல் பெற்ற மேக்ஸ் பெருட்ஸ். பறக்கும் தசைகளிலும் தந்துகிகள் அடர்த்தி.

ஆனால், உடம்பைவிட அது பறக்கும் விதம்தான் எனக்கு வியப்பு. ஒரேயடியாக உயரே போய் நேர்கோட்டில் பறக்காமல், தரை இறங்கினால் தானும் இறங்கி, ஏறினால் ஏறுகிறது. கஷ்டப்பட்டு ஏறிய உயரத்தை ஏன் விடவேண்டும்? 2015இல் வெளியான ஆய்வு கணக்குச் சொன்னது: காற்று மெலிந்தால் சிறகை வேகமாக அடிக்கவேண்டும், அந்த வேகம் சற்றுக் கூடினாலே இதயத்துடிப்பு எகிறிவிடும். இறங்கி ஏறுவதே மலிவு. பகலில் மலைச்சரிவில் மேல்நோக்கி வீசும் காற்றைக்கூட நம்பாமல், காற்று குளிர்ந்து அடர்ந்திருக்கும் இரவிலும் விடியலிலும் ஏறுகிறது.

பின்னாளில் விண்வெளி வீராங்கனையான ஜெசிகா மீர், குஞ்சுகளைத் தாயாக இருந்து வளர்த்து, காற்றுச் சுரங்கத்தில் முகமூடி மாட்டிப் பறக்கவிட்டார். எவரெஸ்ட் உச்சி அளவுக்கு ஆக்சிஜனைக் குறைத்தும் சில வாத்துகள் பறந்தன. இதயம் கூடுதலாகத் துடிக்கவில்லை. உடல் செலவழிக்கும் ஆற்றல்தான் குறைந்தது. நாளங்களில் திரும்பும் ரத்தமும் குளிர்ந்திருந்தது. குளிர்ந்த ரத்தம் ஆக்சிஜனை இன்னும் கூடுதலாக ஏற்றிக்கொள்ளும்.