விமானப் பறப்பு விளையாட்டுக்கு எந்த ஜொய்ஸ்ரிக்?

விசைப்பலகையாலும் கணினி விமானத்தை ஓட்டலாம். ஆனால் ஜொய்ஸ்ரிக்கைச் சாய்க்கும் அளவுக்கேற்பவே விமானம் அசையும். முன்னே தள்ளினால் மூக்குத் தாழும், பின்னே இழுத்தால் உயரும். பக்கவாட்டில் சாய்த்தால் இறக்கை சரியும்.

உண்மையான விமானத்தில் சுக்கானை இயக்குவது கால் மிதிகள். போரில் காலை இழந்தவர்கள், கைப்பிடியை முறுக்கிச் சுக்கானை இயக்கும் வகையைத் தெரிவு செய்யலாம். மிதி தேவைப்படாது.

வலக்கையை இழந்தவர்கள் பிடியின் வடிவத்தைக் கவனிக்க வேண்டும். லொஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி புரோ வலக்கைக்கு உரியது. த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் பிடியை இடக்கைக்கும் மாற்றிப் பூட்டலாம். இரண்டிலும் முறுக்கும் பிடி உண்டு.

இயந்திர வலுவைக் கூட்டிக் குறைக்கும் நெம்பு அடித்தளத்தில் இருப்பதால், ஒரு கையால் இயக்குபவர் பிடியை விட்டே அதைத் தொட வேண்டும். தரையிறங்கும்போது இது சிரமம். பிடியிலுள்ள இரண்டு பொத்தான்களை அந்த வேலைக்கு ஒதுக்குங்கள்.

பாவித்த ஜொய்ஸ்ரிக் வாங்குவதாயின், கையை விட்டதும் நடுவுக்குத் திரும்பி அசையாமல் நிற்கிறதா எனக் கணினியில் பொருத்திப் பாருங்கள்.

பழகுவதற்கு ஃப்ளைட்கியர் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.