விதைப் பரீக்ஷையும் நாணயப் பரீக்ஷையும்

புதிய விதையொன்று நம் கைக்கு வரும்போது, அது பழைய விதையைவிட மேலானதுதானா என்று அறிய விரும்புவது இயல்பே. ஒரு வயலில் விதைத்துப் பார்த்து, நன்றாய் விளைந்தால் நல்ல விதையென்றும், விளையாவிடில் ஆகாத விதையென்றும் தீர்மானித்து விடுவது நம்மவர் வழக்கம். இவ்வழக்கத்தால் நேரும் நஷ்டத்தையும், அதைத் தவிர்க்கும் எளிய முறையையும் இங்கு எடுத்துரைப்போம்.

உத்தியோகத்தின் ஆரம்ப காலத்தில் யானே இத்தவற்றைச் செய்திருக்கிறேன். மேலூர்ப் பக்கத்துக் கிராமமொன்றில், மடைத்தலையிலுள்ள ஒரு வயலை இரண்டாகப் பகுத்து, ஒரு பாதியில் புதிய நெல்லையும் மறு பாதியில் வழக்கமான நெல்லையும் நடுவித்தேன். புதிய நெல் கண்ணுக்கு நிறைவாக விளைந்தது. ஊராரைக் கூட்டிக் காண்பித்தேன். மறு வருஷம் குத்தகைக் குடியானவர் ஒருவர், என் சொல்லை நம்பித் தம் நிலம் முழுவதிலும் அதனையே நட்டார். கண்ட பலன் பழைய நெல்லையும் எட்டவில்லை. குத்தகை அளப்பதற்கே கடன்பட நேர்ந்தது. அவர் என்னைக் கோபிக்கவில்லை. “ஐயா, அன்று நீங்கள் காட்டியது விதையையா, வயலையா?” என்று மாத்திரம் கேட்டார். விசாரித்ததில், புதிய நெல் நின்ற பாதியில் முன் வருஷங்களில் ஆட்டுக்கிடை மறித்திருந்தார்களென்று தெரிய வந்தது.

வயலுக்கு வயல் வித்தியாசம்

பேரணையிலிருந்து கள்ளந்திரி வரையில் இருபோகப் பாசனம். மேலூர், திருமங்கலம் பகுதிகளில் ஒருபோகம். திருமங்கலத்துக் கரிசலும் மேலூர்ச் செம்மண்ணும் ஒரே குணமுடையவையல்ல. ஒரே வயலிலும், பழைய எருக்குழி இருந்த மூலையும் வேம்பின் நிழல் விழும் வரப்போரமும் ஒன்றுபோல் விளைவதில்லை. ஆகையால், விதை இரண்டும் சமமாகவே இருந்தாலும், அறுவடையில் ஏதேனும் ஒன்று முந்தியே தீரும். அம்முந்துதல் விதையின் குணமா, தற்செயலா என்பதே கேள்வி.

நாணயம் கற்பிக்கும் பாடம்

வித்தியாசமே இல்லையென்று முதலில் ஒரு கட்சியை வைத்துக்கொள்வோம். அப்படியாயின், ஒவ்வொரு வயலிலும் புதிய விதை வெல்வது, நாணயத்தைச் சுண்டித் தலை விழுவதற்கு ஒப்பாகும், இரண்டில் ஒன்று. எட்டு வயல்களில் பரீக்ஷிப்பது எட்டு நாணயங்களைச் சுண்டுவது போலாம். அவை விழக்கூடிய வகைகள் மொத்தம் 256. அவற்றுள்,

எட்டும் தலையாவது 1 வகை;
ஏழு தலையாவது 8 வகை;
ஆறு தலையாவது 28 வகை;
ஐந்து தலையாவது 56 வகை.

ஆகவே, புதிய விதை எட்டில் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட வயல்களில் வெல்வது, வெறும் தற்செயலால் 256-ல் 37 தடவை நேரும். அதாவது ஏறக்குறைய ஏழில் ஒன்று. இதைக் கொண்டு ஒருவர் தம் நிலம் முழுவதையும் பணயம் வைத்தல் தகாது. ஏழு அல்லது எட்டு வயல்களில் வெல்வதோ, 256-ல் 9 தடவையே நேரும். ஏறக்குறைய இருபத்தெட்டில் ஒன்று. இவ்வளவு அரிதானது கண்ணெதிரே நிகழ்ந்தால், வித்தியாசமில்லையென்ற கட்சியைத் தள்ளிவிடுதல் நியாயமாகும்.

இருபதில் ஒன்றுக்கும் குறைவாயின் தள்ளலாமென்பது பரீக்ஷையாளர்களிடையே பரவிய வழக்கம். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் பண்ணையில் 1919-ல் வேலைக்கமர்ந்த பிஷர் என்பார் 1925-ல் வெளியிட்ட நூலால் இவ்வழக்கம் எங்கும் பரவிற்று. அதன்படி நோக்கின், நான்கே வயல்களில் நான்கிலும் புதிய விதை வென்றாலும் போதாது. அது தற்செயலால் பதினாறில் ஒரு தடவை நேரும். ஐந்தில் ஐந்தும் வென்றால் முப்பத்திரண்டில் ஒன்று. எனவே, ஐந்து வயல்களுக்குக் குறைந்த பரீக்ஷை இம்முறையில் எதையும் ருசுப்படுத்தாது.

இக்கணக்கு, புதிய விதை மேலானதா என்று மட்டும் கேட்பவர்க்கே. மேலானதோ தாழ்ந்ததோ, எப்படியாயினும் வித்தியாசம் உண்டா என்று கேட்பவர், மேற்சொன்ன எண்ணிக்கையை இருமடங்காக்கிக் கொள்ளவேண்டும். எக்கேள்வியைக் கேட்கிறோமென்பதையும், எத்தனை வயல்களில் வென்றால் ஒப்புக்கொள்வோமென்பதையும் நடவுக்கு முன்பே எழுதி வைத்தல் அவசியம். அறுவடைக்குப் பின் வரம்பை மாற்றுவது, பந்தயம் முடிந்த பின் எல்லைக்கல்லை நகர்த்துவதற்குச் சமானம்.

செய்யும் முறை

1. வெவ்வேறு குடியானவர்களின் எட்டு வயல்களையாவது தெரிந்தெடுங்கள். மடைத்தலையும் கடைமடையும் கலந்திருக்கட்டும்.

2. ஒவ்வொரு வயலையும் சரிபாதியாக்கி, எப்பாதியில் புதிய விதை என்பதை நாணயம் சுண்டியே முடிவு செய்யுங்கள். நம் கை தானாகவே நல்ல பாதியை நாடும், நாணயத்துக்கு அப்பற்றில்லை.

3. நாற்றின் வயது, உரம், தண்ணீர், களையெடுப்பு யாவும் இரு பாதிக்கும் ஒன்றாகவே இருக்கவேண்டும்.

4. கூடியவரையில் பாதி முழுவதையும் அறுத்து நிறுங்கள். பயிர் அறுவடைப் பரிசோதனையில் செய்வதுபோல் 5 மீட்டர் சதுரம் மட்டும் அறுப்பதாயின் ஜாக்கிரதை வேண்டும். ஏக்கர் ஒன்றில் அத்தகைய சதுரங்கள் 160-க்கு மேல் அடங்கும். நிறுவையில் ஒரு கிலோ பிசகினால் ஏக்கருக்கு 160 கிலோவுக்கு மேல் பிசகும்.

5. இரு பாதியும் சமமாய் விளைந்த வயலைக் கணக்கினின்று நீக்கி, மீதி வயல்களுக்குக் கணக்கிடுங்கள்.

இருவகைத் தவறுகள்

உதவாத விதையை நல்லதென்று ஏற்பது ஒரு தவறு. நல்ல விதையை உதவாதென்று தள்ளுவது மற்றொன்று. முன்னதற்கு அஞ்சி வரம்பை உயர்த்தினால் பின்னது பெருகும். உண்மையிலேயே பத்து வயல்களில் ஏழு வீதம் வெல்லக்கூடிய விதையும், எட்டு வயல் பரீக்ஷையில் ஏழு அல்லது எட்டு வெற்றி பெறுவது ஏறக்குறைய நான்கில் ஒரு தடவைதான். ஆகவே, வரம்பை எட்டாத விதையைக் கெட்டதென்று தூற்றலாகாது; இன்னும் ருசுவாகவில்லையென்றே சொல்லவேண்டும். அதிக வயல்களில் மறுபடியும் பரீக்ஷித்தலே பரிகாரம்.

இன்னொரு எச்சரிக்கை. பயனற்ற இருபது மருந்துகளை இம்முறையில் தனித்தனியே பரீக்ஷித்தாலும், தற்செயலால் ஒன்று தேறிவிடக்கூடும். அவ்வொன்றை மாத்திரம் விளம்பரப்படுத்தி, தோற்ற பத்தொன்பதையும் மறைப்பவர் உண்டு. “எத்தனை பரீக்ஷையில் எத்தனை வென்றது?” என்று கேட்டறியாமல் பணம் கொடாதீர்கள். வித்தியாசம் ருசுவான பின்பும், அதிகப்படி விளைச்சல் அதிகப்படிச் செலவை ஈடு செய்கிறதா என்று பார்க்கவேண்டும்.

கோவிலில் பூப்போட்டுப் பார்ப்பவர் மூன்று தடவையும் வெள்ளைப் பூவே வந்தால் மனந் தெளிகிறார். வெள்ளை, சிவப்பு இரண்டே பொட்டலங்களாயின், அது எட்டில் ஒரு தடவை தானே நேரக்கூடியது. தெய்வ சம்மதம் கேட்பது வேறு. விதையின் குணம் அறிவது வேறு. பின்னதற்கு மூன்று சாட்சி போதா.

அடுத்த நடவுக்கு முன், ஊருக்கு எட்டுப் பேர் சேர்ந்து, தலைக்குப் பத்து செண்டு ஒதுக்கினால், எண்பது செண்டில் ஊர் முழுவதற்கும் விடை கிடைக்கும். அன்று அக்குடியானவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதிலில்லை. இனி எவரும் அக்கேள்வியைக் கடன் பட்ட பிறகு கேட்க நேராதிருக்கட்டும். நடுவதற்கு முன்பே கேட்கட்டும்.