பிள்ளையின் மனசு: 25 கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள்

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். மனசு சரியில்லை என்றால் எதைத் தொட்டுப் பார்ப்பது? அதற்காகத்தான் டாக்டர்கள் பெற்றோரிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுக்கிறார்கள். "எம் புள்ளைக்கு என்ன பைத்தியமா?" என்று கோபிக்காதீர்கள், தோழர்களே!

பல நாடுகளில் வழங்கும் இத்தாளை லண்டன் மனநல மருத்துவர் ராபர்ட் குட்மன் 1997-இல் வெளியிட்டார். தமிழிலும் மலாயிலும் உண்டு. மொத்தம் 25 வாக்கியங்கள். கடந்த ஆறு மாதமாகப் பிள்ளை இருந்த விதத்தை நினைத்து, 'உண்மையல்ல', 'ஓரளவு உண்மை', 'நிச்சயமாக உண்மை' என்ற மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும்.

பயமும் கவலையும், சண்டையும் அடமும், ஓரிடத்தில் நில்லாமை, மற்றப் பிள்ளைகளோடு பழக்கம், உதவும் குணம் என ஐந்து பகுதிகள். முதல் நான்குக்கும் சேர்த்து 0 முதல் 40 வரை புள்ளி. புள்ளி கூடினால் நோய் என்று அர்த்தமில்லை. டாக்டர் இன்னும் விசாரிக்க வேண்டும் என்றே அர்த்தம்.

சேட்டைக்காரப் பிள்ளை எல்லார் கண்ணிலும் படும். காலையில் வயிற்றுவலி, தலைவலி என்று சுருண்டு படுக்கும் பிள்ளையை, "பள்ளிக்கூடம் போகாம இருக்கச் சாக்கு" என்று திட்டிவிடுகிறோம். அது உள்ளுக்குள் பயந்து கிடக்கலாம். இத்தாள் அதையும் கேட்கிறது.

சுகாதார அமைச்சின் கணக்கெடுப்புப்படி, 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளில் மனநலப் பிரச்சினை உள்ளவர்கள் 2019-இல் 7.9 விழுக்காடு, 2023-இல் 16.5 விழுக்காடு. கிள்ளான் தோட்டமானாலும் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியானாலும் நம் வீடு இதற்கு விலக்கல்ல.

பதில் எழுதும்போது கவனிக்க வேண்டியவை:

விடியுமுன் பெரட்டுக்குப் போகிற அப்பாவைவிட, பகலெல்லாம் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கு அதிகம் தெரிந்திருக்கலாம். அவரையும் கேளுங்கள்.

மானத்துக்குப் பயந்து எல்லாவற்றுக்கும் 'உண்மையல்ல' என்று போடாதீர்கள். 'சொன்னதைக் கேட்கும்', 'நல்ல நண்பன் உண்டு' போன்ற வாக்கியங்களும் அதில் இருக்கின்றன. அவற்றை மறுத்தால் புள்ளி ஏறும்!

வாசிக்கத் தெரியாவிட்டால் மிஸ்ஸியை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். இதில் வெட்கமில்லை.

ஆசிரியருக்கும் தனித்தாள் உண்டு. வீட்டில் ஒரு விதம், பள்ளியில் ஒரு விதம் இருந்தால், அந்த வித்தியாசமே டாக்டருக்கு ஒரு தடயம்.

கவலை இருந்தால் அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கில் கேளுங்கள். மனநல உதவிக்கு 15555 எண்ணிலும் பேசலாம். உண்மையை மறைத்தால் நட்டம் டாக்டருக்கு அல்ல, நம் பிள்ளைக்கே.