மஞ்சள் பிள்ளையும் நீல வெளிச்சமும்

பிறந்து மூன்றாம் நாள் காலையில்தான் என் தங்கையின் பிள்ளைக்குக் கண்ணின் வெள்ளையில் மஞ்சள் தெரிந்தது. தங்கையின் மாமி அதைக் கண்டு பதறவில்லை. "எங்கட பிள்ளைகள் எல்லாத்துக்கும் இப்படித்தான் வந்தது. ரெண்டு நாள் காலமை வெயில் காட்டினால் போயிடும்" என்றார். சொன்னபடியே பிள்ளைக்குச் சட்டை, தொப்பி, கையுறை, காலுறை எல்லாம் போட்டு, தடித்த துவாயால் சுற்றி, முன் விறாந்தைக் கண்ணாடி யன்னலடியில் பத்து நிமிடம் வைத்துக்கொண்டிருந்தார். வெயில் பட்டது பிள்ளையின் முகத்தில் மட்டும்தான்.

நானும் பக்கத்தில்தான் நின்றேன். இருபது வருடங்களுக்கு மேலாக ஒளி என்ற பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்த விஞ்ஞான ஆசிரியை நான். அந்தப் பாடம் என் கண் முன்னாலேயே நடந்துகொண்டிருந்தது எனக்கு அப்போது விளங்கவில்லை.

நான்காம் நாள் மஞ்சள் வயிறு வரை இறங்கியிருந்தது. பிள்ளை பாலுக்கு எழும்பாமல் தூங்கித் தூங்கி விழுந்தாள். நல்ல காலம், அன்று பொதுச் சுகாதார மருத்துவமாது வீட்டுக்கு வரும் நாள். அவர் பிள்ளையின் சுற்றுத் துணிகளை எல்லாம் கழற்றி, பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, நெஞ்சிலும் தொடையிலும் விரலால் அழுத்தி எடுத்துப் பார்த்தார். அழுத்திய இடத்தில் இரத்தம் விலக, தோலின் உண்மையான நிறம் தெரிந்தது. "வெயில் காட்டிக்கொண்டு இருக்கிற நேரம் இல்லை. இப்பவே கொண்டுபோங்கோ" என்றார். மாமிக்கு மனம் இல்லை. ஆனாலும் ஓட்டோ பிடித்தோம்.

வைத்தியசாலையில் குதிக்காலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். பிலிருபின் அளவு கூடவே இருந்தது. தங்கையின் இரத்தம் ஓ வகை, பிள்ளையினது ஏ வகை. இப்படி அமையும்போது சில வேளைகளில் தாயிடமிருந்து வந்த பிறபொருளெதிரிகள் பிள்ளையின் செங்குழியங்களை வேகமாக அழித்துவிடும். அரை மணித்தியாலத்துக்குள் பிள்ளை கண்கட்டும் நப்பியும் மட்டுமாக ஒரு நீல விளக்கின் கீழே கிடந்தாள். மாமி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். "பச்சை உடம்பை இப்படி வெறும் மேலோட போட்டிருக்கினமே, குளிராதோ?" என்று என்னைக் கேட்டார். அதற்கு நான் அன்று சரியான விடை சொல்லவில்லை. பிறகு படித்து அறிந்ததையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் அந்த மஞ்சள் எங்கிருந்து வருகிறது? அடிபட்ட காயம் கன்றிப் பிறகு பச்சையாகி, அதற்குப் பிறகு மஞ்சளாக மாறுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். இரத்தத்துக்குச் சிவப்பைக் கொடுக்கும் ஈமோகுளோபின் சிதையும்போது முதலில் ஒரு பச்சைப் பொருளும், அதிலிருந்து பிலிருபின் என்னும் மஞ்சள் பொருளும் உண்டாகின்றன. கருப்பையில் இருக்கும்வரை பிள்ளையின் பிலிருபினைச் சூல்வித்தகம் வழியாகத் தாயின் உடல் வாங்கி அகற்றிவிடும். பிறந்த பின் அது பிள்ளையின் சொந்த ஈரலின் பொறுப்பு. பிறந்த பிள்ளைக்குச் செங்குழியங்களும் அதிகம், அவற்றின் ஆயுளும் குறைவு, ஈரலோ இன்னும் பழகவில்லை. ஆகவேதான் நிறைமாதப் பிள்ளைகளில் நூற்றுக்கு 60 பேரளவிலும், மாதம் குறைந்த பிள்ளைகளில் 80 பேரளவிலும் முதல் வாரத்தில் மஞ்சள் தெரிகிறது. பெரும்பாலும் அது தானாகவே போய்விடும். மாமியின் பிள்ளைகளுக்குப் போனதும் அப்படித்தான். அளவு மிஞ்சினால்தான் ஆபத்து. பிலிருபின் மூளைக்குள் புகுந்தால் செவிப்புலனும் கை கால் இயக்கமும் வாழ்நாள் முழுதும் பாதிக்கப்படலாம். உயிரும் போகலாம்.

இனி ஒளியின் கதைக்கு வருவோம். பிலிருபின் ஏன் மஞ்சளாகத் தெரிகிறது? வெள்ளை ஒளியில் எல்லா நிறங்களும் உண்டு. அதிலுள்ள நீலத்தைப் பிலிருபின் விழுங்கிவிடுகிறது. மிச்சமாகத் திரும்பி வருவதை நம் கண் மஞ்சள் என்று காண்கிறது. பாடப்புத்தகத்தில் இதற்கு அகத்துறிஞ்சல் என்று பெயர். பொருள் ஒளியை வெளிவிடுவதைக் காலல் என்பார்கள். ஒரு பொருள் எந்த ஒளியை உறிஞ்சும் என்பது அதன் இலத்திரன்களைப் பொறுத்தது. மாடிப்படியில் அரைப் படியில் நிற்க முடியாதல்லவா? இலத்திரனும் அப்படித்தான். ஒரு படி ஏறத் தேவையான அளவு சக்தியுள்ள ஒளித்துணிக்கை வந்தால் அதை வாங்கிக்கொண்டு மேலே ஏறும். பொருந்தாத ஒளி வந்தால் அதைத் தொடாமலே விட்டுவிடும். பிலிருபினுக்கு மிகவும் பொருந்துவது 460 நனோமீற்றர் அளவிலான அலைநீளமுள்ள நீல ஒளி. எக்ஸ்ரே எடுக்கும்போதும் இதே சங்கதிதான். அந்தக் கதிரைத் தசை பெரும்பாலும் போகவிடும், எலும்பிலுள்ள கல்சியம் பிடித்துக்கொள்ளும்.

விழுங்கிய ஒளி என்னவாகிறது என்பதுதான் எனக்கு எப்போதும் பிடித்த பகுதி. வகுப்பில் பிள்ளைகளிடம் இதைக் கேட்டால் "சூடாகும்" என்று ஒரே குரலில் சொல்வார்கள். கறுப்புத் தார்வீதி மத்தியானத்தில் கொதிப்பதும் கரிபிடித்த சட்டி வெயிலில் சுடுவதும் அதனால்தான். ஆனால் சூடாவது ஒரு வழி மட்டுமே. சில பொருள்கள் ஓர் ஒளியை வாங்கி வேறோர் ஒளியாகக் கொடுத்துவிடும். சலவைத்தூளில் கண்ணுக்குத் தெரியாத கழியூதாக் கதிரை உறிஞ்சி நீலமாகக் காலும் ஒரு சேர்க்கை உண்டு. வெள்ளைச் சீருடை வெயிலில் பளிச்சென்று தெரிவது அதன் வேலை. எங்கள் அம்மம்மா போட்ட நீலம் வேறு வகை. அது ஒளியைக் காலாது, துணியின் பழுப்பு மஞ்சளை மறைப்பதற்காக மஞ்சள் ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். மூன்றாவது வழியில், ஒளியை வாங்கிய மூலக்கூறே உருமாறிவிடும். யன்னல் திரைச்சீலையின் சாயம் வெளிறுவது அப்படித்தான். பிலிருபினுக்கு நடப்பதும் அதுவே.

பிலிருபின் மூலக்கூறு தன்னுள்ளே மடிந்து கிடப்பது. தண்ணீரோடு சேரும் பகுதிகளை உள்ளே ஒளித்து வைத்திருப்பதால் அது நீரில் கரையாது, ஈரல் உதவாமல் வெளியேறவும் மாட்டாது. நீல ஒளியை உறிஞ்சியதும் அதன் ஒரு பிணைப்பு முறுகித் திரும்புகிறது. மடிப்புக் குலைந்து, நீரில் கரையக்கூடிய வடிவங்கள் உண்டாகின்றன. அவை ஈரலின் வேலைக்குக் காத்திராமல் பித்தத்திலும் சிறுநீரிலும் போய்விடும். விளக்கின் கீழ் இருக்கும் பிள்ளைக்கு அடிக்கடி பால் கொடுக்கச் சொல்வதும் இதற்காகவே. பால் குடித்தால்தானே மலமும் சிறுநீரும் போகும்?

இப்போது மாமியின் கேள்விக்கு விடை எளிது. ஒளி தோலில் பட்டு, தோலுக்குள் இருக்கும் பிலிருபினை அடைந்தால்தான் வேலை நடக்கும். சட்டையில் பட்ட ஒளி சட்டையோடு முடிந்துவிடும். விறாந்தையில் சுற்றிக் கட்டி வைத்த பிள்ளைக்கு முகமளவு இடத்தில் பத்து நிமிடம் கிடைத்தது. வைத்தியசாலையிலோ உடம்பு முழுவதற்கும் இரவு பகலாகக் கிடைத்தது.

அந்த விளக்குகளின் உள்ளும் இதே கதைதான். குழல் விளக்கில் இரச ஆவி மின்னால் தூண்டப்பட்டுக் கழியூதாக் கதிரைக் காலுகிறது. கண்ணாடியின் உட்புறம் பூசிய தூள் அதை உறிஞ்சிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் தருகிறது. தூளை மாற்றினால் நிறம் மாறும். இப்போது பல இடங்களில் இருப்பவை ஒளிகாலும் இருவாயி விளக்குகள், அதாவது எல்.ஈ.டி. அங்கே ஒரு பளிங்குக்குள் இலத்திரன் மேல்படியிலிருந்து கீழே விழும்போது நேரடியாக நீலம் வருகிறது. திறமான நீல இருவாயியை ஆக்கிய அக்காசாக்கி, அமானோ, நாக்கமுரா என்ற மூவருக்கு 2014 இல் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தச் சிகிச்சையின் தொடக்கம் ஒரு தாதியின் கண்ணில்தான் இருந்தது என்று அறிந்தபோது எனக்குச் சந்தோஷம் பொங்கியது. இங்கிலாந்தில் எசெக்ஸ் பகுதியிலுள்ள ரொச்போட் வைத்தியசாலையில் மாதம் குறைந்த பிள்ளைகளின் விடுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் சிஸ்ரர் வோர்ட். காற்றும் வெயிலும் பிள்ளைகளுக்கு நல்லது என்பது அவர் எண்ணம். நல்ல வெயில் நாட்களில் பிள்ளைகளை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போவார். 1956 இல் ஒரு நாள் வைத்தியர்கள் சுற்றி வந்தபோது ஒரு பிள்ளையை மெதுவாகத் திறந்து காட்டினார். உடம்பு முழுவதும் வெளிறியிருக்க, ஒரு முக்கோணத் துண்டு மட்டும் கடும் மஞ்சளாக இருந்தது. வைத்தியர் டொப்ஸ் அந்த இடத்தில் ஏதோ மருந்து பூசியிருக்கிறார்கள் என்றே நினைத்தார். இல்லை, அது துணியின் மூலை மூடியிருந்த இடம், வெளிறியது மற்ற இடமெல்லாம் என்று சிஸ்ரர் தயங்கித் தயங்கிச் சொன்னாராம். பெரியவர்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. சில வாரங்களின் பின் யன்னலோரம் வெயிலில் மறந்து வைக்கப்பட்ட ஓர் இரத்தக் குழாயில் பிலிருபின் அளவு எதிர்பாராமல் குறைந்திருந்தது. அப்போதுதான் முக்கோணம் நினைவுக்கு வந்தது. கிரேமர் என்ற இளம் வைத்தியரும் அவரது கூட்டாளிகளும் நீலக் குழல் விளக்குகளால் ஒரு கருவி செய்து, 1958 இல் லான்செற் சஞ்சிகையில் முடிவுகளை எழுதினார்கள். அதற்கு முன், மிஞ்சிய மஞ்சளுக்கு இருந்த வழி பிள்ளையின் இரத்தத்தையே மாற்றுவதுதான்.

அப்படியானால் வெயில் போதும்தானே என்று மாமி கேட்டார். நியாயமான கேள்வி. வெயிலில் நீலம் தாராளமாக இருக்கிறது, சிஸ்ரர் வோர்ட் கண்டதும் வெயிலின் வேலையே. ஆனால் வெயிலோடு தோலைச் சுட்டுச் சேதப்படுத்தும் கழியூதாக் கதிரும், உடம்பைக் கொதிக்க வைத்து நீரை வற்றச் செய்யும் செங்கீழ்க் கதிரும் சேர்ந்தே வருகின்றன. மருந்தளவுக்கு வெயில் வேண்டுமானால் பச்சைப் பிள்ளையை வெறும் மேலோடு மணிக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். அதைச் செய்யக் கூடாது. நைஜீரியாவின் லாகோஸ் நகரில் வைத்தியசாலை முற்றத்திலேயே கூடாரம் அமைத்து, கழியூதாக் கதிரையும் வெப்பத்தின் பெரும்பகுதியையும் தடுத்து நீலத்தை உள்ளே விடும் படலத்தால் மூடி, தாதியரின் கண்காணிப்பில் ஆய்வு செய்தார்கள். விளக்குக்கு இது சளைத்ததல்ல என்று 2015 இல் முடிவு வெளியானது. வீட்டு விறாந்தைக்கு அந்தப் படலமும் இல்லை, இரத்தப் பரிசோதனையும் இல்லை. விறாந்தை வெயிலால் வரும் பெரிய கெடுதல், "வெயில் காட்டுகிறோம்தானே" என்று நாம் காத்திருந்துவிடும் அந்த ஒரு நாள்.

எந்த மஞ்சளுக்கு ஓட வேண்டும் என்று மருத்துவமாது தங்கைக்குச் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். பிறந்த 24 மணித்தியாலத்துக்குள் தெரியும் மஞ்சள், வயிறும் காலும் வரை இறங்கும் மஞ்சள், பால் குடிக்காமல் சோர்ந்து கிடக்கும் பிள்ளையின் மஞ்சள் எதுவும் தாமதிக்கத் தக்கதல்ல. இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் நிற்க, மலம் வெளிறிச் சுண்ணாம்பு போல் போனால் அது பித்தக்குழாய் அடைப்பாகவும் இருக்கலாம். அதற்கு ஒளி மருந்தல்ல, சத்திரசிகிச்சைதான், அதுவும் காலம் கடத்தாமல்.

இரண்டாம் நாள் மாலை விளக்கின் கீழே பார்த்துவிட்டு மாமி, "மஞ்சள் எல்லாம் போயிட்டுது, வீட்டை போவம்" என்றார். தாதி சிரித்துக்கொண்டே விளக்கை அணைத்தார். சாதாரண வெளிச்சத்தில் பிள்ளை இன்னும் மஞ்சளாகவே இருந்தாள். நீல வெளிச்சத்தில் திருப்பிக் காட்ட மஞ்சள் ஏது? வெளிச்சம் பட்ட தோல் விரைவில் வெளிறிவிடும் என்பதால் கண்ணை நம்பாமல் இரத்தத்தையே பார்க்கிறோம் என்றும் அவர் சொன்னார். அப்படியே மறுநாள் காலை இரத்தம் எடுத்து, அளவு இறங்கியிருப்பதைக் கண்ட பிறகுதான் விளக்கை நிறுத்தினார்கள். நிறுத்திய பின்னும் ஒரு தரம் சோதித்து, மஞ்சள் திரும்ப ஏறவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு எங்களை விட்டார்கள்.

வீட்டுக்கு வந்து பிள்ளையைக் குளிப்பாட்டும்போது மாமி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். உடம்பெல்லாம் வெளிறியிருக்க, கண்கட்டு இருந்த இடத்தில் நெற்றிக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு பட்டி, நப்பி இருந்த இடத்தில் ஒரு முக்கோணம், இரண்டும் மஞ்சளாகவே இருந்தன. ஒரு கிழமையில் அவையும் மங்கிப் போயின.