கடல் கடந்து படிக்கப் போகும் மகளுக்கு

"மௌலவி, மகளுக்கு ஐரோப்பாவில ஒரு செமஸ்டர் படிக்க இடம் கிடைச்சிருக்கு. குளிருக்கு உடுப்பும் வாங்கிட்டம். துஆச் செய்ங்க" என்றார் ஒரு தாய். "அல்ஹம்துலில்லாஹ்! என்ன பாடங்கள் எடுக்கிறார்?" என்று கேட்டேன். "அது போய்ப் பார்த்துக்கலாமாம்" என்றார்.

சகோதரிகளே! எனது பழைய மாணவர் ஒருவரும் அப்படித்தான் போனார். பெயரைப் பார்த்துப் பாடங்களைத் தெரிவு செய்தார். எல்லாவற்றிலும் சித்தியும் பெற்றார். ஆனால் திரும்பி வந்தபோது இரண்டு பாடங்களை அவரது பீடம் ஏற்கவில்லை. அவற்றை அடுத்த அணியோடு இருந்து மீண்டும் படிக்க நேர்ந்தது.

1987இல் ஐரோப்பாவில் தொடங்கிய மாணவர் பரிமாற்றத் திட்டம் ஈராஸ்மஸ். 2014இல் ஆரம்பமான ஈராஸ்மஸ் பிளஸ் திட்டத்தின் கீழ் இலங்கை மாணவர்களும் சென்று வருகின்றனர். இதில் பயணத்துக்கு முன்பே "கற்றல் ஒப்பந்தம்" ஒன்று எழுதப்படுகிறது. அங்கே படிக்கும் பாடங்கள் எவை, அவை இங்கே எந்தப் பாடங்களுக்கு ஈடாகும் என்பதெல்லாம் அதில் இருக்கும். மாணவர், அனுப்பும் பல்கலைக்கழகம், ஏற்கும் பல்கலைக்கழகம் ஆகிய மூவரும் ஒப்பமிட வேண்டும். சென்ற பின் பாடத்தை மாற்றினாலும் மூவரின் சம்மதமும் வேண்டும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் அல்பகராவின் 282ஆம் வசனமே அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம். எழுத்தின் அவசியத்தை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்தது கணக்கு. ஐரோப்பிய முறையில் ஒரு முழு ஆண்டுக்கு 60 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணித்தியால உழைப்பு. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் ஆண்டுக்கு 30 கிரெடிட். ஒரு கிரெடிட் 50 மணித்தியாலம். ஆகவே அங்கே 6 கிரெடிட் என்றால் இங்கே ஏறத்தாழ 3. இது தெரியாமல் இரண்டையும் ஒன்றென எண்ணினால், பாதிப் பாடம் குறைந்துவிடும்.

எதைத் தெரிவு செய்வது? நமது இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களின் வாழ்வைப் பாருங்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் மதீனா செல்லுமுன்பே "முவத்தா"வை மனனம் செய்திருந்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். பின்னர் இராக்கில் முஹம்மத் அஷ்ஷைபானீ (ரஹ்) அவர்களிடம் ஹனபி பிக்ஹைக் கற்றார்கள். போகுமுன் ஆயத்தமானார்கள், போன இடத்தில் அங்குள்ள சிறப்பைக் கற்றார்கள்.

நம் பிள்ளைகளுக்கும் இதுவே வழி. பட்டத்துக்குக் கட்டாயமான பாடங்களுக்கு ஈடானவற்றை முதலில் உறுதிப்படுத்தட்டும். அதன் பின் இங்கே கிடைக்காத ஒன்றை எடுக்கட்டும். ஏற்கெனவே படித்ததையே மீண்டும் படிக்க அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

தாய்மாரே, பயணப்பெட்டி கட்டுமுன் நான்கு கேள்விகள் கேளுங்கள்: பாடம் எந்த மொழியில் நடக்கிறது? அதற்கு முன்னதாக வேறு பாடம் படித்திருக்க வேண்டுமா? பரீட்சை எப்போது, நோன்பு காலத்தில் வருமா? துறைத் தலைவரின் சம்மதம் எழுத்தில் உண்டா?

அந்தத் தாய் இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனார். மகளும் விரிவுரையாளரிடம் மஷூரா செய்து, இஸ்திகாராவும் தொழுது முடிவெடுக்கட்டும். பயனுள்ள கல்வியை அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு இலேசாக்கி வைப்பானாக! ஆமீன்.