அண்ணே, இன்னும் கொஞ்சம் தின்னர் ஊத்தட்டுமா?

வீடு கட்டுகிறவர் சிமென்ட்டுக்கு விலை விசாரிப்பார், கம்பிக்குத் தரம் பார்ப்பார். கதவு நிலைக்கும் ஜன்னல் பீடிங்குக்கும் பாலிஷ் போட ஆள் வரும்போது கையில் காசும் இருக்காது, உடம்பில் தெம்பும் இருக்காது. 'எப்படியோ அடிச்சு முடிங்கப்பா' என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்கு ஓடிவிடுவார். அந்த நேரம் பார்த்துத்தான் வார்னிஷ் டப்பாவுக்குள் தின்னர் இறங்குகிறது!

இறங்கட்டும், தப்பில்லை. டப்பாவில் வருகிற எண்ணெய் வார்னிஷ் பிரஷ்ஷுக்கான பதம். ஸ்ப்ரே கன்னின் சின்ன மூக்கு வழியாகப் பொடிப்பொடியாகச் சிதறணும் என்றால் இளக்கித்தான் ஆகணும். எவ்வளவு என்பதில்தான் வம்பே.

பி.காம். படித்த பாவத்துக்கு எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். தின்னர் என்பது போனஸ் ஷேர் மாதிரி. எண்ணிக்கை கூடும், கம்பெனி சொத்து ஒரு பைசா கூடாது. மரத்தில் தங்குவது ரெசினும் எண்ணெயும்தான். தின்னர் ஆவியாகிப் போய்விடும். ஒரு லிட்டரில் அரை லிட்டரை ஊற்றி, 'ஒண்ணரை லிட்டர் ஆயிடுச்சு சார்' என்று ஒருவர் சிரித்தால், உங்கள் கதவில் படிகிற படலத்தில் மூன்றில் ஒரு பங்கு காலி என்று எழுதிக் கொள்ளுங்கள். சாரலும் வெயிலும் அடிக்கிற ஜன்னலில் அது எத்தனை நாள் நிற்கும்?

பெயின்ட்காரர்கள் இதை அளக்க 'ஃபோர்டு கப் நம்பர் 4' வைத்திருக்கிறார்கள். அடியில் 4 மி.மீ. சொச்சம் துளையுள்ள கிண்ணம், அவ்வளவுதான். நிரப்பி, விரலை எடுத்து, ஒழுக்கு அறுபடும்வரை விநாடி எண்ணுவார்கள். சாதாரண ஸ்ப்ரேக்கு 20 முதல் 25 விநாடி வாக்கில் இருந்தால் சரி. கப் இல்லையா? பத்துக்கு ஒரு பங்கு டர்பன்டைன் விட்டு, நைலான் துணியில் வடிகட்டி, பழைய பலகையில் அடித்துப் பாருங்கள். ஆரஞ்சுத் தோல் மாதிரி விழுந்தால் இன்னும் கெட்டி. சீரியல் கதாநாயகி மாதிரி கண்ணீர் வடித்தால், ஒன்று தின்னர் அதிகம், இல்லை கை ஒரே இடத்தில் நின்றுவிட்டது. டப்பாவில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவை மட்டும் தாண்ட வேண்டாம்.

எண்ணெய் வார்னிஷுக்கு மினரல் டர்பன்டைன். என்.சி., மெலமைன், பி.யு. எல்லாவற்றுக்கும் தனித்தனி தின்னர். ஜோடி மாறினால் பால் திரிந்த கதைதான். மண்ணெண்ணெய் கலக்கிற புண்ணியவான்களும் உண்டு. அது லேசில் ஆவியாகாது. கிரகப்பிரவேசத்துக்கு வந்த மாமனாரின் ஜிப்பா கதவோடு ஒட்டிக்கொள்ளும்!

இரண்டு இஞ்ச் பீடிங்கைச் சுவரில் வைத்து ஸ்ப்ரே அடித்தால் பாதி சரக்கு சுவருக்கும் காற்றுக்கும் போகும். ஆணி அடிப்பதற்கு முன்பே ஸ்டூல் மேல் படுக்க வைத்து அடித்துவிடச் சொல்லுங்கள். உச்சி வெயிலில் வேண்டாம். துளி வழியிலேயே காய்ந்து சொரசொரப்பாகும். மழை நாளில் என்.சி. லாக்கர் வெள்ளை பூக்கும்.

இனி விளையாட்டில்லாத சமாசாரம். என்.சி. தின்னரில் வழக்கமாகச் சேரும் டொலுவீன், 4 டிகிரியிலேயே தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவி விடும். நம்மூர் வெயிலுக்குச் சொல்லவே வேண்டாம். ஜன்னலைச் சாத்திக்கொண்டு அடிக்கிற அறையில் ஒரு பீடி போதும். மூக்கில் கட்டும் கைக்குட்டை தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும்.

துடைத்த துணியோ அதைவிட மோசம். 1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில், ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம் பற்றி எரிந்தது. 22-வது மாடியில் மரவேலைக்கு மெருகு ஏற்றியவர்கள் விட்டுப் போன, ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணிகள்தான் காரணம். தீக்குச்சி யாரும் கிழிக்கவில்லை. அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு கிளம்பும். குவித்து வைத்தால் சூடு வெளியேற வழியில்லாமல் தானே பற்றிக்கொள்ளும். 3 தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள்.

எண்ணெய் வார்னிஷ் தொட்ட துணிக்கும் இதே குணம்தான். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் பளபளப்பை அப்புறம் ரசிக்கலாம். முதலில் மூலையில் சுருட்டிப் போட்ட துணியைத் தேடி எடுத்து, தண்ணீர் நிறைந்த தகர டப்பாவில் முக்கி, மூடி போட்டு வெளியே வையுங்கள்.