அம்மம்மாவுக்கும் ஒரு இருக்கை: ஃபிஃப்த் வீலா, பம்பர் புல்லா?

பனி கரைந்து மே மாதம் வந்துவிட்டால் எங்கள் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "ட்ரெய்லர் ஒண்டு வாங்கலாமெண்டு பாக்கிறம். ஃபிஃப்த் வீல் நல்லதோ, பம்பர் புல் நல்லதோ?" உடனே பத்துப் பேர் பதில் எழுதுவார்கள். ஒருவர் ஓட்டுவதற்கு ஃபிஃப்த் வீல்தான் சுகம் என்பார். இன்னொருவர் பம்பர் புல்தான் மலிவு என்பார். இரண்டுமே உண்மைதான். ஆனால் அந்தப் பத்துப் பேரில் ஒருவராவது "உங்கட வீட்டில எத்தனை பேர் போறீங்கள்?" என்று கேட்டதை நான் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் ஆறு பேர். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், எங்களோடு இருக்கும் என் அம்மா, அப்பா. ஸ்காபரோவில் இருந்து அல்கொன்குவின் பூங்காவின் மேற்கு வாசல் மூன்று மணி நேரப் பயணம்தான். ஆனால் முப்பது வருடமாக இரண்டு வேலை பார்த்த அப்பா அந்தப் பக்கமே போனதில்லை. கூடாரத்தில் நிலத்தில் படுக்க இப்போது அவருக்கு முழங்கால் இடம் கொடுக்காது. அதனால்தான் ட்ரெய்லர் யோசனையே வந்தது. கணவருக்கு ஃபிஃப்த் வீல் ஆசை. நான் பேனாவும் கடதாசியும் எடுத்துக் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

பம்பர் புல் என்ற பெயரை நம்பி பம்பரில் கொழுவுவது என்று நினைக்க வேண்டாம். வாகனத்தின் அடிச்சட்டத்தில் பூட்டிய ரிசீவரில் ஹிட்ச் செருகி, அதன் உருண்டையில் ட்ரெய்லரின் மூக்கை மாட்டுவார்கள். பிக்அப் ட்ரக், பெரிய எஸ்யூவி இரண்டாலும் இழுக்கலாம்.

ஃபிஃப்த் வீல் அப்படியில்லை. நெடுஞ்சாலையில் போகும் பெரிய லொறிகளைப் போல, ட்ரக்கின் பின் தட்டுக்குள், பின் அச்சுக்கு மேலேயோ சற்று முன்னாலேயோ ஹிட்ச் இருக்கும். ட்ரெய்லரின் முன்பகுதி ஒரு மாடி போல உயர்ந்து தட்டுக்கு மேல் வந்து உட்காரும். ஆகவே பிக்அப் ட்ரக் கட்டாயம். எஸ்யூவி, மினிவான் எதுவும் சரிவராது.

குடும்பத்துக்கான முதல் கேள்வி இங்கேயே வந்துவிடுகிறது. பெரும்பாலான பிக்அப் ட்ரக்குகளில் ஐந்து பேர் இருக்கலாம். முன்பக்கம் நீளமான இருக்கை உள்ள ட்ரக் என்றால் ஆறு பேர். அப்போதும் யாரோ ஒரு பெரியவர் முன்னால் நடுவில் நெருக்கிக்கொண்டுதான் வர வேண்டும். பின்னால் பூஸ்டர் இருக்கைகள் இரண்டு வைத்தால் மூன்றாவது ஆள் தோளை ஒடுக்கிக்கொண்டு இருக்க வேண்டும். மூன்று வரிசை எஸ்யூவியில் ஏழு, எட்டுப் பேர் வடிவாக இருந்து போகலாம்.

"பெரியாக்கள் ட்ரெய்லருக்குள்ளயே படுத்துக்கொண்டு வரட்டுமே" என்று சிலர் சொல்வார்கள். ஒன்ராறியோவில் இழுத்துச் செல்லப்படும் ட்ரெய்லருக்குள் ஆள் இருக்கவே கூடாது. அது சட்டம். வேறு சில இடங்களில் ஃபிஃப்த் வீலுக்குள் ஆட்களை அனுமதிக்கிறார்கள். இருந்தாலும் அங்கே இருக்கைப் பட்டியும் இல்லை, காற்றுப் பையும் இல்லை. அனுமதி இருந்தாலும் என் அம்மாவை நான் அதில் ஏற்றமாட்டேன்.

கதவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்

வாகன விளம்பரத்தில் "11,000 பவுண்டு இழுக்கும்" என்று பெரிய எழுத்தில் இருக்கும். அந்த எண் சாதாரணமாக ஓட்டுநர், ஒரு பயணி என்ற அளவில் போட்ட கணக்கு. எங்களைப் போல அம்மா, அப்பா, பிள்ளைகள், கூலர் பெட்டி, ஒரு பானை புளிச்சாதம் எல்லாம் அதில் சேராது.

நீங்கள் பார்க்க வேண்டிய எண் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கதவு நிலையில் ஒட்டியிருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோ அல்லது பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். இதுதான் பேலோட். ஒரே மாடல் வாகனத்திலேயே வண்டிக்கு வண்டி இது மாறும். சன்ரூஃப், தோல் இருக்கை என்று வசதி கூடக் கூட இந்த எண் குறையும்.

ட்ரெய்லரின் எடையில் ஒரு பங்கு இழுக்கும் வாகனத்தின் மேல் அழுத்தும். அதுவும் பேலோடில்தான் சேரும். பம்பர் புல் என்றால் ட்ரெய்லர் எடையில் சுமார் 10 முதல் 15 சதவீதம். ஃபிஃப்த் வீல் என்றால் சுமார் 20 முதல் 25 சதவீதம். முழு விஷயமும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

உதாரணத்துக்கு, கதவு ஸ்டிக்கரில் 1,650 பவுண்டு என்று வைப்போம். எங்கள் ஆறு பேரின் எடை சுமார் 800. மிச்சம் 850.

பம்பர் புல்லுக்கு ஹிட்ச் 100 பவுண்டு என்றால் மிச்சம் 750. ட்ரெய்லர் 12 சதவீதம் அழுத்தினால், சாமான் எல்லாம் ஏற்றிய பின் சுமார் 6,200 பவுண்டு வரை கணக்கு இடம் தரும். அந்த அளவில் பங்க் கட்டிலோடு நல்ல ட்ரெய்லர் கிடைக்கும்.

ஃபிஃப்த் வீல் ஹிட்ச் 150 பவுண்டு என்றால் மிச்சம் 700. 20 சதவீதம் அழுத்தினால் 3,500 பவுண்டு ட்ரெய்லரோடு கணக்கு முடிந்துவிடும். குடும்பத்துக்குப் போதுமான ஃபிஃப்த் வீல்கள் வெறுமையாக இருக்கும்போதே அதைப் போல இரண்டு மடங்குக்குக் கிட்ட இருக்கும். அதாவது அப்பா அம்மாவை வீட்டில் விட்டுவிட்டுப் போனாலும் அந்த ட்ரக்குக்கு அது பாரம்தான். அடுத்த வகை, முக்கால் டன் அல்லது ஒரு டன் ட்ரக் வாங்க வேண்டும்.

"இது ஹாஃப்-டன் ட்ரக் இழுக்கும் ஃபிஃப்த் வீல்" என்று விற்பனையாளர் சொன்னால், "எத்தனை பேர் உள்ளே இருக்கும்போது?" என்று கேளுங்கோ. விளம்பரத் தாளில் உள்ள வெற்று எடையையும் நம்பாதேங்கோ. அதில் பற்றரி, எரிவாயு உருளை, தண்ணீர், பானை சட்டி எதுவும் இருக்காது. பற்றரியும் உருளையும் பெரும்பாலும் பம்பர் புல்லின் மூக்கிலேயே இருப்பதால் அவற்றின் எடை நேரே வாகனத்தில் இறங்கும். தண்ணீர் ஒரு லீட்டருக்கு ஒரு கிலோ. 150 லீட்டர் தொட்டியை வீட்டிலேயே நிரப்பினால் இரண்டு பெரிய ஆட்களைக் கூட ஏற்றிக்கொண்டு போவது மாதிரி. பூங்காவுக்குப் போய் நிரப்பலாம்.

இரவில் பாத்ரூம் போகும் வழி

ஃபிஃப்த் வீலுக்குள் நுழைந்தால் மனம் மயங்கும். உயரமான கூரை, சோபா, பெரிய குளிர்சாதனப் பெட்டி, பொய் அடுப்பங்கரை நெருப்பு கூட இருக்கும். ஆனால் படுக்கையறை முன்பக்கம் தட்டுக்கு மேலே வருவதால் இரண்டு, மூன்று படி ஏற வேண்டும். பல மாடல்களில் பாத்ரூமும் மேலேதான். மேலே படுத்தால் கட்டிலால் இறங்கும்போது கவனம். கீழே சோபாவில் படுத்தால் இரவு இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் படி ஏற வேண்டும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. 74 வயதில், நீரிழிவு மருந்து எடுக்கும் ஒருவருக்கு அது விளையாட்டல்ல.

பம்பர் புல்லில் வாசல் படிகளை ஏறிவிட்டால் உள்ளே பெரும்பாலும் ஒரே சமதளம். நாங்கள் முன் கட்டிலை அம்மா அப்பாவுக்குக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டு மேசையை மடக்கிக் கட்டிலாக்கி அதில் படுக்கிறோம். பிள்ளைகளுக்குப் பின்னால் பங்க் கட்டில். கட்டிலில் இருந்து பாத்ரூமுக்கு நான்கு அடி, படியே இல்லை.

சாலையில் எது நல்லது?

இங்கே ஃபிஃப்த் வீலுக்குத்தான் என் வாக்கு. பாரம் பின் அச்சுக்கு மேல் இறங்குவதால் ட்ரெய்லர் வாலாட்டுவது மிகக் குறைவு. 401இல் பெரிய லொறி பக்கத்தால் போகும்போது பம்பர் புல்லை அது முதலில் தள்ளி, பிறகு இழுக்கும். அந்த அசைவு ஸ்டியரிங்கில் தெரியும். ஃபிஃப்த் வீலில் அவ்வளவாகத் தெரியாது. நெருக்கமான முகாம் இடத்தில் பின்னால் எடுக்கும்போதும் கூர்மையாகத் திருப்பலாம். ட்ரெய்லரின் ஒரு பகுதி தட்டுக்கு மேலேயே இருப்பதால் மொத்த நீளமும் குறையும்.

அதற்கும் விலை உண்டு. மூலை திரும்பும்போது ட்ரெய்லரின் சக்கரம் உள்பக்கமாகக் கூட வெட்டும். அகலமாகத் திருப்பிப் பழக வேண்டும். தட்டு சின்னதாக இருந்தால் நகரும் ஹிட்ச் தேவைப்படலாம். இல்லாவிட்டால் திருப்பும்போது ட்ரெய்லர் ட்ரக்கின் பின் கண்ணாடியில் முட்டும். உயரம் 13 அடி வரை வரும் என்பதால் மரக்கிளை, பெட்ரோல் நிலையக் கூரை எல்லாம் பார்க்க வேண்டும். தட்டில் சைக்கிளும் வைக்க முடியாது.

பம்பர் புல் ஆட்டத்துக்கும் மருந்து உண்டு. எடையைப் பகிரும் ஹிட்ச், ஆட்டத்தைத் தடுக்கும் அமைப்பு, பிரேக் கன்ட்ரோலர் மூன்றும் வேண்டும். சாமானைப் பின்பக்கம் குவிக்கக் கூடாது. பின்பாரம் கூடினால்தான் வால் ஆடும். ஆடத் தொடங்கினால் வாகனத்தின் பிரேக்கை உதைக்க வேண்டாம். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரை விட்டு, பிரேக் கன்ட்ரோலரில் கையால் ட்ரெய்லரின் பிரேக்கை மட்டும் பிடிக்க வேண்டும். இதைக் கணவன் மனைவி இருவரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

லைசன்ஸ்

ஒன்ராறியோவின் சாதாரண ஜி லைசன்ஸில் 4,600 கிலோ வரையான ட்ரெய்லர் இழுக்கலாம். வாகனமும் சேர்த்து மொத்தம் 11,000 கிலோவுக்குள் இருக்க வேண்டும். 4,600 கிலோ என்றால் சுமார் 10,140 பவுண்டு. பெரிய ஃபிஃப்த் வீல்கள் சாமான் ஏற்றியபின் இதைச் சுலபமாகத் தாண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் 4,600 கிலோவுக்கு மேல் போனால் லைசன்ஸில் கூடுதல் அனுமதி தேவை. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கையெழுத்துப் போட முதல் உங்கள் ஊர் விதியையும் காப்புறுதியையும் கேட்டுவிடுங்கோ. டிரைவ்வேயில் ட்ரெய்லர் நிறுத்த நகரசபை விடுமா என்பதையும் பாருங்கோ.

யாருக்கு எது?

பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இரண்டு மூன்று பேர்தான், முக்கால் டன் ட்ரக் ஏற்கெனவே இருக்கிறது, பான்ஃப் வரை நீண்ட பயணம் போகிறீர்கள் என்றால் ஃபிஃப்த் வீல் நல்ல தெரிவு. பெரியவர்கள் இன்னொரு காரில் பின்னால் வர ஒழுங்கு இருந்தாலும் யோசிக்கலாம். ஒரே முகாமில் கோடை முழுதும் நிறுத்தி வைப்பதென்றால் யார் எதில் இருந்து வருவது என்ற பிரச்சினையே இல்லை. அப்போது படிகளை மட்டும் பாருங்கோ.

மூன்று தலைமுறையும் ஒரே வாகனத்தில் போகும் வீடு என்றால், எஸ்யூவியும் எடை குறைந்த பம்பர் புல்லும் என்பதுதான் என் பதில். நாங்கள் வாங்கியது அதுதான். நீண்ட பயணத்துக்கு முன் ட்ரக் நிலையத் தராசில் நிறுத்துப் பார்த்தோம். ட்ரெய்லர் 5,400 பவுண்டு. வாகனத்தில் அது அழுத்துவது 680. ஆட்களும் ஹிட்ச்சும் சேர்த்து 1,580. இன்னும் 70 பவுண்டு மட்டுமே மிச்சம் என்பதால் பைகள் எல்லாம் ட்ரெய்லருக்குள், அதன் அச்சுக்குக் கிட்டப் போகும்.

எண்களை விட எனக்குப் பயமாக இருந்தது அம்மாவின் ஒரு வசனம்தான். இடம் நெருக்கம் என்று தெரிந்தால் எங்கள் அம்மாக்கள் முறைப்பட மாட்டார்கள். "நாங்கள் வீட்டிலயே நிக்கிறம், நீங்கள் பிள்ளையளோட போயிட்டு வாங்கோ" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள். நாங்களும் அதை நம்பிவிடுவோம். அவர்கள் அப்படிச் சொல்லத் தேவையில்லாத வண்டியாகப் பார்த்து வாங்குவது எங்கள் கையில் இருக்கிறது.

அதனால் ட்ரெய்லர் பார்க்கப் போகும்போது அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கோ. வாசல் படி ஏறச் சொல்லுங்கோ. கட்டிலில் படுத்து, எழும்பி, பாத்ரூம் வரை நடக்கச் சொல்லுங்கோ. கழிப்பறையில் இருந்து எழும்பும்போது பிடிக்க ஏதும் இருக்கிறதா என்று பாருங்கோ. முடிந்தால் ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கோ. முகாமுக்கே கொண்டுவந்து நிறுத்தித் தருபவர்களும் உண்டு. கடைக்குப் போகுமுன் கதவு ஸ்டிக்கரை போனில் படம் எடுத்து, அதற்குக் கீழே வீட்டில் உள்ள எல்லாருடைய எடையையும் எழுதிக்கொள்ளுங்கோ. விற்பனையாளர் மாதத் தவணையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் முதலில் அந்தப் படத்தைக் காட்டுங்கோ.